கார் ஏசியில் தீப்பற்றும் கேஸ்: ஆர்-1234ஒய்எஃப், ஹைட்ரோகார்பன் மாற்றுக் கேஸ் பற்றிய மதிப்பாய்வு

கார் ஏசிக்கென்று சந்தையில் கிடைக்கும் குளிர்பதனிகளில், அதாவது ஏசிக்குள் சுழன்று குளிரூட்டும் கேஸ்களில், மூன்றின் பெயர்களைத்தான் பெரும்பாலான கார் உரிமையாளர்கள் கேள்விப்படுகிறார்கள். முதலாவது, இந்தியச் சாலைகளில் ஓடும் மிகப் பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ. இரண்டாவது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய கார்களில் அதன் இடத்தைப் பிடித்துவிட்ட ஆர்-1234ஒய்எஃப். மூன்றாவது, புரொப்பேனையும் ஐசோபியூட்டேனையும் கலந்து, ‘எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே நிரப்பிக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதியோடு சிறு கேன்களில் விற்கப்படும் ஹைட்ரோகார்பன் கேஸ். பின்னிரண்டும் தீப்பற்றக்கூடியவை. அவ்விரண்டையும் குளிர்ச்சிக்காகவோ விலைக்காகவோ எடைபோடாமல், காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் பாதுகாப்பை முன்வைத்து மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலேயே ஆர்-1234ஒய்எஃப்புக்காக வடிவமைக்கப்பட்ட காரில் அந்தக் கேஸ் இருப்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆர்-134ஏவுக்காகக் கட்டப்பட்ட காரில் ஹைட்ரோகார்பன் கேஸை நிரப்புவதை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு நன்றாகக் குளிர்ந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுமே தீப்பற்றும் என்றாலும் ஒன்றை ஏற்று மற்றொன்றை ஒதுக்குவதற்குக் காரணம், எரியும் தன்மையின் அளவிலும் அதைவிட முக்கியமாக ஏசியின் கட்டமைப்பிலும் இருக்கிறது.

தீயே பற்றாத கேஸ் என்ற வசதியைக் கார்கள் நெடுங்காலம் அனுபவித்தன. 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டமொன்றில், தாம் உருவாக்கிய குளோரோஃபுளூரோகார்பன் கேஸை மூச்சோடு உள்ளிழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மீது ஊதி அதை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் இல்லை என்று ஒரே மூச்சில் காட்டிய அந்த நிரூபணத்துக்குப் பின் வந்த ஆர்-12, 1990-கள் வரை கார் ஏசிகளை ஆண்டது. ஓசோன் படலத்தை அது அரிப்பது தெரியவந்து 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. இதுவும் சாதாரணச் சூழலில் தீப்பற்றாது, ஓசோனையும் கெடுக்காது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறக்குறைய 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. அந்த மதிப்பு 150-ஐத் தாண்டும் எந்தக் கேஸையும் காரில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஆணை பிறப்பித்தது. 2011 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கும், 2017 முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்தியது.

ஹனிவெல் நிறுவனமும் டூபாண்ட் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த ஆர்-1234ஒய்எஃப் இந்த ஆணைக்கான விடை. இதன் மூலக்கூறில் கார்பன் அணுக்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. ஆர்-134ஏ வளிமண்டலத்தில் பதினான்கு ஆண்டுகள் அளவுக்கு நிலைத்திருக்க, இதுவோ அந்தப் பிணைப்பின் வழியே சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது. அதனால்தான் இதன் வெப்பமூட்டும் மதிப்பு ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. காற்றில் எளிதில் சிதையும் ஒரு பொருள் போதிய வெப்பம் கிடைத்தால் எரியவும் செய்யும் என்பதே இதில் உள்ள சிக்கல். புவிக்குத் தீங்கில்லாத கேஸ் வேண்டும், அது கொஞ்சமும் தீப்பற்றவும் கூடாது என்ற இரண்டு விருப்பங்களும் வேதியியலில் ஒன்றோடொன்று மோதுகின்றன. கரியமில வாயு இதற்கு விதிவிலக்கு. அதற்கென்று வேறு தொல்லைகள் இருப்பதைப் பின்னால் பார்ப்போம்.

எரியும் தன்மையில் பல படிகள் உண்டு என்பதைப் பல விற்பனையாளர்கள் மறைத்துப் பேசுகிறார்கள். ஐஎஸ்ஓ 817 என்ற பன்னாட்டுத் தரநிலை, நச்சுத்தன்மை குறைந்த குளிர்பதனிகளை ஏ1, ஏ2எல், ஏ2, ஏ3 என்று வரிசைப்படுத்துகிறது. ஆர்-134ஏ ஏ1 வகையில் இருக்கிறது. அதாவது சோதனைச் சூழலில் சுடர் பரவாது. ஆர்-1234ஒய்எஃப் ஏ2எல் வகை. சுடர் பரவும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டரைத் தாண்டாத கேஸ்களே இதில் சேரும். இந்தக் கேஸின் வேகம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கடைசிப் படியான ஏ3 வகை. புரொப்பேன் சுடர் நொடிக்கு 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. பற்றவைக்கத் தேவைப்படும் ஆற்றலில் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. புரொப்பேனுக்கு ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும்; நைலான் சட்டையோடு இருக்கையில் உராய்ந்து இறங்கும்போது விரலில் சுளீரென்று தாக்கும் நிலைமின் பொறியே அதைவிட வலுவானது. ஆர்-1234ஒய்எஃப்புக்கோ ஆயிரம் மில்லிஜூலுக்கும் மேல் வேண்டும்.

படிகளின் பெயர்களைவிட, காரின் கேபினுக்குள் நடக்கக்கூடியதைக் கணக்கிட்டுப் பார்ப்பது தெளிவைத் தரும். ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரின் உட்புறக் கொள்ளளவைச் சுமார் இரண்டரை கனமீட்டர் என்றும், அதன் ஏசிக்குத் தேவையான கேஸை 450 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயில் திடீரென்று உடைந்து, கேஸ் முழுவதும் கண்ணாடிகள் மூடிய கேபினுக்குள் கொட்டிவிட்டால், ஆர்-1234ஒய்எஃப்பின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 180 கிராமாக இருக்கும். அந்தக் கேஸ் எரியத் தொடங்குவதற்குக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 290 கிராம் இருக்க வேண்டும். ஆகவே சீராகக் கலந்த நிலையில், முழுக் கேஸும் கொட்டினாலும் எல்லையைத் தொடவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கால் வைக்கும் பகுதியில் சற்று நேரம் அடர்ந்து நிற்கக்கூடும். அப்போதும் அங்கே ஆயிரம் மில்லிஜூல் பொறி ஒன்று தேவைப்படும்.

இதே காரில் ஹைட்ரோகார்பன் கலவையை நிரப்பினால், அது எடை குறைந்த கேஸ் என்பதால் சுமார் 170 கிராம் போதும். விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி இதுதான். ஆனால் 170 கிராமை இரண்டரை கனமீட்டரில் பரப்பினால் ஒரு கனமீட்டருக்கு 68 கிராம் வருகிறது. புரொப்பேன் எரிவதற்கான கீழ் எல்லையோ 38 கிராம்தான், ஐசோபியூட்டேனுக்கு அதைவிடச் சிறிது கூடுதல். அதாவது, கேஸில் ஏறத்தாழ அறுபது சதவீதம் கசிந்து கலந்தாலே முழுக் கேபினும் எரியக்கூடிய கலவையாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் புளோவர் மோட்டாரின் சுவிட்சோ, கதவு விளக்கின் தொடுமுனையோ, யாரோ பற்றவைக்கும் சிகரெட்டோ அருகில் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. முழுக் கேஸும் ஒரே நேரத்தில் கேபினுக்குள் வருவது அரிது என்பது உண்மை. கசிவுகளில் பெரும்பாலானவை எஞ்சின் பகுதியில், மெதுவாக, வெளிக்காற்றில் கரைந்துபோகும் வகையிலேயே நிகழ்கின்றன. ஆயினும் ஒரு பாதுகாப்பு மதிப்பீட்டில் மோசமான நேர்வை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு கேஸ் தேறுகிறது, மற்றொன்று தேறவில்லை.

கேபினில் தேறிய ஆர்-1234ஒய்எஃப், எஞ்சின் பகுதியில் அத்தனை எளிதாகத் தேறிவிடவில்லை. 2012 செப்டம்பரில் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம், நேருக்கு நேர் மோதலில் குழாய் அறுந்தது போன்ற நிலையை மெர்சிடிஸ் பி-கிளாஸ் காரில் உருவாக்கிப் பார்த்ததாகவும், உயர் அழுத்தத்தில் பீறிட்ட கேஸும் கம்ப்ரஸர் எண்ணெயும் சூடான எஞ்சின் பாகங்களின் மீது பட்டுத் தீப்பிடித்ததாகவும் அறிவித்தது. இந்தக் கேஸைப் பயன்படுத்தாமல் ஆர்-134ஏவிலேயே தொடரப் போவதாகவும் சொன்னது. ஆய்வகச் சோதனையில் இந்தக் கேஸ் தானாகப் பற்றும் வெப்பநிலை 405 டிகிரி செல்சியஸ். திறந்தவெளியில் ஒரு சூடான உலோகப் பரப்பின் மீது பட்டுப் பற்றுவதற்கு அதைவிட மிக அதிக வெப்பம் தேவை. ஆனால் முழு வேகத்தில் ஓடிவந்த காரின் டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அத்தகைய வெப்பத்தை எட்டக்கூடியவைதான். ஆகவே டைம்லரின் சோதனையைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

அதன் பிறகு நடந்தது பாதி பொறியியல், பாதி வழக்கு. கார் நிறுவனங்கள், வாகனப் பொறியாளர்களின் தரநிலை அமைப்பான எஸ்ஏஇயின் கீழ் கூட்டாக நடத்திய ஆய்வு, 2013-இல் இந்தக் கேஸ் பாதுகாப்பானதே என்றும், டைம்லரின் சோதனை முறை உண்மையான மோதலை ஒத்திருக்கவில்லை என்றும் முடிவு கூறியது. அந்தக் கூட்டமைப்பிலிருந்து டைம்லர், பிஎம்டபிள்யூ, ஆடி ஆகிய மூன்றும் அதற்கு முன்பே விலகியிருந்தன. அதே ஆண்டு ஜெர்மனியின் வாகனப் போக்குவரத்து அலுவலகம் நான்கு மாடல்களை மோதவிட்டுச் சோதித்தது. சட்டப்படி கருத வேண்டிய நிலைகளில் கடுமையான ஆபத்துக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை; ஆனால் அவற்றையும் தாண்டிக் கடுமையாக்கிய நிலையில் ஒரு கார் தீப்பிடித்தது. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2014-இல் அந்த முடிவுகளைப் பரிசீலித்து, கடுமையான அபாயம் இருப்பதற்கு ஆதாரமில்லை என்றது. இதற்கிடையே பழைய கேஸோடு வந்த மெர்சிடிஸ் மாடல்கள் சிலவற்றைப் பதிவுசெய்ய பிரான்ஸ் மறுத்தது. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. கடைசியில் 2018 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டைம்லர் கார்கள் விதியை மீறி ஆர்-134ஏவோடு விற்கப்பட்டதைத் தடுக்கத் தவறியதற்காக ஜெர்மனி மீது குற்றம் கண்டது.

இந்தச் சச்சரவில் எனக்கு முக்கியமாகப் படுவது, யார் வென்றார்கள் என்பதைவிட, டைம்லர் பிறகு தன் கார்களில் செய்த மாற்றம்தான். ஆர்-1234ஒய்எஃப்பை ஏற்றுக்கொண்ட மாடல்களில், கடுமையான முன்புற மோதல் நேர்ந்தால் எக்ஸாஸ்டின் மிகச் சூடான இடங்களின் மீது ஆர்கான் வாயுவைப் பாய்ச்சி, அவற்றைக் குளிரச் செய்து காற்றும் அண்டாமல் தடுக்கும் ஏற்பாட்டை அந்நிறுவனம் அறிவித்தது. எரியக்கூடிய கேஸை வைக்கப் போகிறோம் என்றால், தீப்பொறி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தேடி அதை அடைக்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறைதான் தொழிற்சாலைக் காருக்கும் பட்டறையில் மாற்றி நிரப்பிய காருக்கும் உள்ள வேறுபாடு. ஆர்கான் இல்லாத மற்ற நிறுவனங்களின் கார்களிலும், எஸ்ஏஇ ஜே639 என்ற பாதுகாப்புத் தரநிலையும், கேபினுக்குள் கசியாத உறுதியான கூலிங் காயிலுக்கென்றே எழுதப்பட்ட ஜே2842 என்ற தரநிலையும், வேறு கேஸின் குழாய் பொருந்தாத தனி வடிவச் சர்வீஸ் முனைகளும், பானெட்டின் அடியில் தீச்சுடர்க் குறியோடு கூடிய லேபிளும் இந்தக் கேஸைச் சுற்றி ஒரு வேலியாக நிற்கின்றன.

ஆர்-1234ஒய்எஃப்பின் உண்மையான குறை தீயைவிடத் தீயின் விளைபொருளில் இருக்கிறது. ஃபுளூரின் உள்ள இந்தக் கேஸ் எரியும்போது ஹைட்ரஜன் ஃபுளூரைடு உண்டாகிறது. அது நீரோடு சேர்ந்தால் தோலைத் துளைத்து எலும்பின் கால்சியத்தையே தாக்கக்கூடிய அமிலம். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதன் முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இந்தக் கேஸைக் கையாளும் பட்டறைகளில் இருப்பது நல்லது. ஆனால் நம் ஊர் முதலுதவிப் பெட்டிகளில் அதைப் பார்ப்பது அரிது. இதைக் காரணம் காட்டி ஹைட்ரோகார்பன் விற்பனையாளர்கள், ‘எங்கள் கேஸ் எரிந்தால் நீராவியும் கரியமில வாயுவும்தான்’ என்று சொல்வதுண்டு. சொல்வது உண்மை, சொல்லாமல் விடுவது, கார் தீப்பிடித்தால் ஆர்-134ஏவும் சிதைந்து அதே ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தருகிறது என்பதையும், எரிந்தபின் வரும் புகையைவிட எரியாமல் பார்த்துக்கொள்வதே முதல் கேள்வி என்பதையும்தான். எந்தக் கேஸாக இருந்தாலும், கார் எரியும்போது புகை வரும் திசையில் நிற்கக் கூடாது.

விலையிலும் இந்தக் கேஸுக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். ஆர்-134ஏவைவிட இது பல மடங்கு விலை அதிகம், காப்புரிமைகளும் அதற்கொரு காரணமாக இருந்தன. விலை உயர்வும் பாதுகாப்புப் பிரச்சினையே ஆகிறது. உரிய கேஸ் எட்டாத விலையில் இருக்கும்போதுதான் மக்கள் மூன்றாவது கேனைத் தேடிப் போகிறார்கள்.

அந்த மூன்றாவது கேனுக்கு உரிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும். ஹைட்ரோகார்பன் ஒரு மோசமான குளிர்பதனி அல்ல. வெப்பத்தை இடம்மாற்றும் திறனில் அது ஆர்-134ஏவுக்குக் குறைந்ததில்லை, புவியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு, கம்ப்ரஸரின் சுமையும் பல நேரங்களில் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் 1990-களிலிருந்தே பலர் தங்கள் கார்களில் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். அங்கே கார்கள் வரிசையாக வெடித்துச் சிதறவில்லை. அதனால் தீவிபத்து நேர்வதற்கான நிகழ்தகவு பெரிது என்று நான் வாதிடவில்லை. கேன் வாங்குபவருக்குச் சொல்லப்படும் மூன்று சமாதானங்களும் பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

முதல் சமாதானம்: ‘காரில் நாற்பது லிட்டர் பெட்ரோல் இருக்கிறது, இருநூறு கிராம் கேஸுக்கா பயம்?’ பெட்ரோல் டேங்கும் அதன் குழாய்களும் கேபினுக்கு வெளியே இருக்கின்றன. கேபின் காற்றோடு தொடர்பே இல்லாதபடி அவை அமைக்கப்பட்டுள்ளன. ஏசியின் கூலிங் காயிலோ, நாம் மூச்சுவிடும் காற்று அதன் ஊடாகவே வரும்படி டாஷ்போர்டுக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. மேலும், முன்புறத்தில் கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் கண்டென்சர்தான் சாதாரண இடிபாட்டிலும் முதலில் நசுங்கும் பாகம். பெட்ரோல் டேங்க் பின்னிருக்கைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது சமாதானம்: ‘வீட்டு ஃப்ரிட்ஜில் ஐசோபியூட்டேன்தானே ஓடுகிறது?’ ஓடுகிறது, இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் புரொப்பேன் வீட்டு ஏசிகளையும் 2012-இலேயே விற்கத் தொடங்கியது. ஆனால் ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஒரே கூட்டுக்குள் வெல்டிங் செய்து மூடப்பட்டிருக்கின்றன, குழாய்கள் உலோகத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன, எரியும் கேஸின் அளவுக்கு 150 கிராம் என்ற உச்சவரம்பு நெடுங்காலமாகத் தரநிலையில் இருந்துவந்தது. காரின் கம்ப்ரஸர் பெல்ட்டால் சுழலும் திறந்த வகை; அதன் அச்சு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல்தான் காவல். அதற்கு மேல் ரப்பர் ஹோஸ்கள், ஓ-ரிங்குகள், ஓயாத அதிர்வு, எஞ்சின் சூடு. ஆண்டுதோறும் சில கிராம் கசிவது கார் ஏசியில் இயல்பாகவே எதிர்பார்க்கப்படும் ஒன்று. பிரஷர் குக்கரின் மூடியைச் சாதாரணப் பாத்திரத்தில் வைத்து அழுத்திப் பிடிப்பது போன்றதுதான் ஃப்ரிட்ஜின் உதாரணத்தைக் காருக்குக் காட்டுவது.

மூன்றாவது சமாதானம்: ‘வெளிநாட்டில் அனுமதித்திருக்கிறார்கள்.’ அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆர்-12க்கு மாற்றாக இத்தகைய ஹைட்ரோகார்பன் கலவைகளைக் கார்களில் நிரப்புவதை 1990-களிலேயே ஏற்க முடியாதது என்று அறிவித்துவிட்டது. எரியும் குளிர்பதனிகளைக் கார் ஏசியில் நிரப்புவதற்குப் பல மாநிலங்களில் தடையும் உண்டு. அதே முகமைதான் ஆர்-1234ஒய்எஃப்பை நிபந்தனைகளோடு அனுமதித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரியும் என்பதற்காகவே ஒன்றை மறுத்திருந்தால் இரண்டையும் மறுத்திருப்பார்கள்.

ஹைட்ரோகார்பன் கேனை வாங்கியே தீருவேன் என்பவர், குறைந்தபட்சம் அதில் வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டும். சமையல் எரிவாயுவில் இருப்பதைப் போன்ற அந்த நாற்றம் இல்லையென்றால் கசிவு மூக்குக்குத் தெரியாது. 2008 ஏப்ரலில் நியூசிலாந்தின் தமாஹெரே என்ற ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில், புரொப்பேன் சார்ந்த குளிர்பதனி வாசனையின்றிக் கசிந்து தேங்கியிருந்த இடத்துக்கு எச்சரிக்கை மணி கேட்டுப் போன தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் சிக்கினர்; ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தனர். கிடங்கில் இருந்த நூற்றுக்கணக்கான கிலோ கேஸைக் காரில் உள்ள சில நூறு கிராமோடு ஒப்பிட முடியாது. என்றாலும், உள்ளே எரியும் கேஸ் இருக்கிறது என்பது அங்கே வந்தவர்களுக்குத் தெரியவில்லை என்ற நிலை, கேஸ் மாற்றப்பட்ட காரைச் சர்வீஸுக்கு வாங்கும் மெக்கானிக்குக்கும் அப்படியே பொருந்தும். ஆர்-134ஏ என்று நம்பி அவர் குழாயில் வெல்டிங் டார்ச்சை வைத்தால் அது அவருடைய குற்றமாகாது. இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுச் சிலிண்டரிலிருந்து சமையல் எரிவாயுவையே கார் ஏசிக்கு ஏற்றுவது பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஈரமும் கந்தகமும் கலந்த அந்த வாயு கம்ப்ரஸரையும் கெடுத்து, மேலே சொன்ன எல்லா அபாயங்களையும் கூட்டும்.

தீப்பற்றாது என்று நம்பி வாங்கும் ஆர்-134ஏவிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், போலிக் கேஸைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பாய்வு முழுமையாகாது. ஆர்-134ஏ என்ற லேபிளோடு வந்த சில சிலிண்டர்களில் ஆர்-40 எனப்படும் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது நஞ்சு, எரியவும் செய்யும்; போதாததற்கு, ஏசியின் அலுமினிய பாகங்களோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தானாகத் தீப்பிடிக்கும் டிரைமெத்தில் அலுமினியம் என்ற சேர்மத்தை உண்டாக்குகிறது. 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்களின் எந்திரங்கள் இப்படி வெடித்ததில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். மதிப்புள்ள பெயர் கொண்ட, முத்திரை உடையாத சிலிண்டரிலிருந்து நிரப்பச் சொல்வது வெறும் தரக் கவலை அல்ல என்பதற்கு இந்தச் சம்பவம் போதும். அசல் ஆர்-134ஏவையும் கவனமாகவே கையாள வேண்டியிருக்கிறது: அழுத்தப்பட்ட காற்றோடு உயர் அழுத்தத்தில் கலந்தால் அதுவும் எரியக்கூடியதாக மாறும் என்பதால், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரால் ஏசி லைனில் லீக் பார்க்கும் பழக்கத்தை ஒழித்து, உலர்ந்த நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். ஆர்-12 காலத்தில் தீச்சுடரைக் குழாயருகே காட்டி, சுடர் பச்சையாக மாறுகிறதா என்று லீக் தேடிய ஹாலைடு டார்ச் முறை, இப்போதைய எந்தக் கேஸுக்கும் உதவாது. ஹைட்ரோகார்பனுக்கு அருகில் அதைக் கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம்.

கரியமில வாயு, அதாவது ஆர்-744, எரியவே எரியாது. சில மெர்சிடிஸ் சொகுசு மாடல்களிலும், வெப்பப் பம்போடு வரும் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 போன்ற மின்சார கார்களிலும் அது இடம்பெற்றது. ஆனால் நூறு பாருக்கும் மேலான, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் ஏறத்தாழ நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்குவதால் எல்லாப் பாகங்களையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. கேபினுக்குள் கசிந்தால் ஓட்டுநருக்கு மயக்கம் வரும். கோடை வெயிலில் அதன் திறன் குறைவது நம் ஊர்களுக்குப் பெரிய குறை. எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது, டாடா மோட்டார்ஸும் மாலே நிறுவனமும் சேர்ந்து இந்தியாவில் செய்து காட்டிய இரட்டைச் சுற்று முறைதான். அதில் ஆர்-152ஏ என்ற எரியக்கூடிய கேஸ் எஞ்சின் பகுதியைத் தாண்டி வருவதே இல்லை. அங்கே குளிர்விக்கப்பட்ட கூலண்ட் திரவம் மட்டும் கேபினுக்குள் வந்து காற்றைக் குளிரவைக்கிறது. மேலே போட்ட கேபின் கணக்கு முழுவதையும் அந்த ஒரு மாற்றம் தேவையற்றதாக்கிவிடும். இந்தியா 2021-இல், புவியைச் சூடாக்கும் இத்தகைய கேஸ்களைக் குறைக்க மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் செய்யப்பட்ட கிகாலி திருத்தத்தை ஏற்று, 2032 முதல் ஆர்-134ஏ உள்ளிட்ட கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டிருப்பதால், இங்கேயும் எரியும் கேஸுள்ள கார்கள் வரத்தான் போகின்றன.

அதுவரை, கேஸ் நிரப்பப் போகும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் உரிமையாளரின் கவனம் இருக்க வேண்டும். நல்ல பட்டறையில் முதலில் பானெட் லேபிளைப் பார்ப்பார்கள். அடையாளங்காணும் கருவியால் உள்ளே இருக்கும் கேஸைச் சோதிப்பார்கள். ரெக்கவரி மெஷினால் அதை உறிஞ்சி எடுத்து, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, வேக்கம் போட்டு, லேபிளில் உள்ள எடையைத் தராசில் பார்த்து நிரப்புவார்கள். ஆர்-1234ஒய்எஃப் கார் என்றால், அதற்கென்று தீப்பொறி தோன்றாதபடி தயாரிக்கப்பட்ட தனி மெஷின் வேண்டும். ஆர்-134ஏ மெஷினையே அடாப்டர் போட்டு மாட்டுகிறார்கள் என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கசிவைச் சரிசெய்யாமல் ஆண்டுதோறும் ‘டாப்-அப்’ செய்பவர், ஆர்-1234ஒய்எஃப் காரில் ஆர்-134ஏவை நிரப்பி விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவர், கேஸின் பெயரைக் கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவர் ஆகியோரிடம் இந்த வேலையைத் தரக் கூடாது. பில்லில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் எழுதி வாங்குவதும் நல்லது. அடுத்து அந்த ஏசியைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அதுவே பாதுகாப்பு.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. உள்ளே இருப்பது ஹைட்ரோகார்பன் கலவை என்று கருவி காட்டினால், அதை வழக்கமான ரெக்கவரி மெஷினில் உறிஞ்ச முடியாது. உறிஞ்சினால் மெஷினும் அதிலுள்ள நல்ல கேஸும் கெட்டுவிடும். எரியும் கேஸுக்கான தனிச் சிலிண்டரும் அதற்கேற்ற பம்பும் இல்லாத பட்டறைகள் காரைத் தொட மறுப்பது நியாயமே. ஆகவே விலை பேசி முடிக்கும் முன்பே, சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தக் கேஸ் சோதனையைச் செய்துவிடுவதும், லேபிளில் உள்ள பெயரும் கருவி காட்டும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், சுத்தம்செய்து உரிய கேஸை நிரப்பும் செலவை விற்பவரின் விலையிலிருந்து கழித்துவிடுவதும்தான் சரி.